நம்மவர் ஆங்கிலமும் நன்னூல் விதிகளும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளினின்று ஆண்டுதோறும் நம் கல்லூரிக்கு வரும் மாணவ மாணவியர் பலர். வானம் பார்த்த கரிசல் நிலத்திற் பருத்தியும் சோளமும் கம்பும் மல்லியும் விளைவிக்கும் உழவர் மக்களும், தறியொலி ஓயாத தெருக்களிற் பிறந்து வளர்ந்த நெசவாளர் மக்களும் இவருள் மிகுதி. தம் குடும்பத்திற் கல்லூரிப் படி ஏறியவர் தாமே முதல்வர் என்னும் நிலையினரும் உளர். கணக்கிலும் அறிவியலிலும் எவர்க்கும் இளையாத இவர்கள், ஆங்கிலத்தில் ஒரு வினா எழுந்தவுடன் தலை கவிழ்ந்து அமர்ந்துவிடுவதைப் பலகாலும் காண்கிறோம். விடை அறியாமை இதற்குக் காரணமன்று. தம் வாயினின்று ஒரு பிழை வெளிப்படின் அயலிருப்போர் நகுவரே என்னும் அச்சமே காரணம். நேர்முகத் தேர்விலும், அலுவலகத்திலும், மருத்துவர் முன்னும் இவ்வச்சம் உடன்சென்று, அறிந்ததையும் சொல்லவொட்டாமல் தடுக்கின்றது.

இக்கட்டுரையில் யாம் கூறப்புகுவது ஒன்றே. ஆங்கிலத்தில் நம்மவர் செய்யும் பிழைகளுட் பெரும்பாலன, தமிழிலக்கண விதிகள் நாம் அறியாமலே ஆங்கிலத்தின்மேல் ஏறிவிடுவதால் உண்டாவன. நெசவாளர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு இதனை எளிதில் விளக்கலாம். தறியிற் பாவு ஒரு நிறமாகவும் ஊடை வேறொரு நிறமாகவும் இருப்பின், நெய்த துணி இரண்டும் கலந்த நிறங்காட்டும். நம் பேச்சில் தமிழ் பாவாகவும் ஆங்கிலம் ஊடையாகவும் அமைகின்றன. கலப்பு எங்கே நேர்கின்றது என்று கண்டுகொண்டால் அதனை விலக்குதல் அரிதன்று. ஆகவே தமிழிலக்கணத்தைக் கருத்தோடு கற்றவனுக்கு ஆங்கிலப் பிழை களைதற்கு ஒரு தனிக்கருவி கையிலிருக்கின்றது என்க.

மும்முறை எழுதிய பாடம்

குண்டாற்றங்கரையிலுள்ள திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-இல் பிறந்தவர் வேங்கடராமன். பிற்காலத்தில் ரமண மகரிஷி என உலகறிந்தவர் அவரே. திருச்சுழியிலும் திண்டுக்கல்லிலும் கற்றபின், மதுரையில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். ஸ்காத்லாந்து நாட்டு அபர்டீனிற் பேராசிரியராயிருந்த அலெக்சாந்தர் பெயின் என்பார் செய்த ஆங்கில இலக்கணம் அக்காலத்துப் பாடநூல். பாடத்தைக் கல்லாது வந்தமைக்குத் தண்டனையாக, அதனை மும்முறை எழுதிவருமாறு வேங்கடராமன் பணிக்கப்பட்டார். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், இருமுறை எழுதி மூன்றாம் முறை எழுதுங்கால் ஏட்டை அப்பால் வைத்தவர், அன்றே வீடு துறந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார் என்பது வரலாறு. அவர்தம் துறவுக்குக் காரணம் வேறு. சில வாரங்களுக்கு முன்னரே அவர் உள்ளம் அகநோக்கில் ஆழ்ந்துவிட்டது. எனினும் ஆசிரியத் தொழில் செய்வார்க்கு இந்நிகழ்ச்சியில் ஒரு குறிப்பு உண்டு. விதியை மும்முறை எழுதுவதால் கை பழகும். பிழை ஏன் வந்தது என்னும் அறிவு அதனால் வாராது. காரணத்தைக் காட்டிய பின்னரே பயிற்சி பயன் தரும். இனி அக்காரணங்களை ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

மொழிமுதல்

தனிமெய் மொழிக்கு முதலாகாது என்பதும், உயிரோடு கூடியவிடத்தும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்பன முதலாகா என்பதும் தமிழ் வழக்கு. இவ்விதிபற்றியே வடமொழி லோகம் தமிழில் உலகம் ஆயிற்று. ராமன் இராமன் ஆயினான். ரங்கன் அரங்கன் ஆயினான். நம் ஊர்ப் பாட்டியார் ஸ்கூலை இஸ்கூல் என்று வழங்குவது இவ்விதிக்கு இயைந்ததே. நன்னூல் கல்லாத நா நன்னூல் வழி நிற்கின்றது! இலத்தீனில் ஸ்கோலா என்றிருந்த சொல்லை ஸ்பானியரும் எகரம் முன்சேர்த்து எஸ்குவேலா என்றே வழங்குகின்றனர். எனினும் ஆங்கிலத்திற் பேசுங்கால் அவ்வுயிரை விடுத்தல் வேண்டும். முதலில் ஸ் என்னும் சீறலொலியைச் சற்று நீட்டி நிறுத்தி, அதனின்று நேரே கூல் என்பதற்குச் செல்லப் பழகினால் சில நாளில் இகரம் தானே நீங்கும்.

எலியை யெலி என்றும் ஒட்டகத்தை வொட்டகம் என்றும் பேச்சில் ஒலிப்பது நம் வழக்கம். இதன்பயனாக எக்ஸாம் யெக்ஸாம் ஆகின்றது. ஒன்லி வொன்லி ஆகின்றது. எம் என்னும் எழுத்தின் பெயர் யெம் ஆகின்றது. வாயைத் திறந்தவாறே உயிரைத் தொடங்கின் இப்பிழை நீங்கும்.

மொழியீறு

உயிர்களும், ஞ, ண, ந, ம, ன, ய, ர, ல, வ, ழ, ள என்னும் பதினொரு மெய்களும், குற்றியலுகரமும் மொழிக்கு ஈறாம் என்பது நன்னூல். வல்லின மெய் ஈற்றில் நில்லாது. ஆதலின் வல்லொற்றில் முடியும் ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் நாம் ஓர் உகரத்தைத் துணையாக்குகிறோம். கப் கப்பு ஆகின்றது. புக் புக்கு ஆகின்றது. இதில் ஒரு நுட்பம் காண்க. நோட், கோட், கேட் என்பவற்றை நோட்டு, கோட்டு, கேட்டு என இரட்டித்துச் சொல்லும் உழவர், ரோட் என்பதை மட்டும் ரோடு என இரட்டாமற் சொல்கின்றார். முன்னையவற்றின் ஈறு வன்மையான ஒலி. பின்னையதன் ஈறு மிடறு அதிரும் மெல்லிய ஒலி. உயிர்களுக்கிடையே வல்லினம் தனித்து நிற்பின் மென்மையும், இரட்டித்து நிற்பின் வன்மையும் பெறும் என்னும் தமிழொலி முறைமையை அவர் செவி எவ்வளவு நுட்பமாய்க் காக்கின்றது! இத்தகைய செவியுடையார் ஆங்கில ஒலியைக் கற்கவியலார் என்று கூறுவது பொருந்தாது.

ஆயினும் குறிலை அடுத்தவிடத்து இம்முறைமை இடர் செய்யும். படுக்கையைக் குறிக்கும் சொல்லும், பந்தயத்தைக் குறிக்கும் சொல்லும் நம்மவர் பலர் வாயில் பெட்டு என்றே ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் முன்னதன் ஈறு மிடற்றதிர்வுடையது; பின்னதன் ஈறு அஃதில்லாதது. இரண்டிற்கும் உகரம் வேண்டா.

ஓரெழுத்தின் இரு குரல்

பகரம் ஒன்றே, இடத்திற்கேற்ப வன்மையாகவும் மென்மையாகவும் தமிழில் ஒலிக்கின்றது. பல் என்பதில் வன்மை. அம்பு என்பதில் மென்மை. இடமே ஒலியை அறிவித்துவிடுவதால் நமக்கு ஈரெழுத்து வேண்டியதில்லை. ஆங்கிலத்திலோ இவ்விரண்டும் பொருளையே மாற்றவல்ல வேறு ஒலிகள். முதுகு என்னும் பொருளதும் பேக். பொதி கட்டுதல் என்னும் பொருளதும் பேக். தமிழில் எழுதுமிடத்து வேறுபாடு மறைந்துபோவதை இங்கேயே காணலாம். மேற்சட்டையும் வெள்ளாடும் ஒருங்கே கோட் ஆவதும் இவ்வாறே.

மெல்லினத்தை அடுத்த வல்லினம் தமிழில் என்றும் மென்மையாகவே ஒலிக்கும். தங்கம், பந்து, அம்பு என்பன காண்க. அப்பழக்கத்தால் சிம்பிள், டெம்பிள், அங்கிள் என்னும் ஆங்கிலச் சொற்களையும் மென்மையாக்கிவிடுகிறோம். இவற்றிலுள்ள பகர ககரங்கள் பல், கல் என்பவற்றின் முதலெழுத்தைப் போல வன்மையாக ஒலித்தற்குரியன. விரலைத் தொண்டையின்மேல் வைத்துச் சொல்லிப் பார்த்தால், அதிர்வு உண்டா இல்லையா என்பது கைக்கே தெரியும். பரிசைக் குறிக்கும் பிரைஸ், விலையைக் குறிக்கும் பிரைஸ் என்னும் இரண்டையும் பிரித்தறிதற்கும் இச்சோதனையே போதும். பரிசின் ஈறு அதிரும், விலையின் ஈறு அதிராது.

எடுத்தலும் படுத்தலும்

எடுத்தல், படுத்தல், நலிதல் என ஒலிக்கும் முயற்சி வேறுபாடுகளை நன்னூலார் குறித்துள்ளார். தமிழில் இவற்றாற் சொற்பொருள் பெரிதும் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ஓரசையை எடுத்தும் ஏனையவற்றைப் படுத்தும் ஒலித்தல் இன்றியமையாதது. ஹோட்டல், கமிட்டி, டெவலப் என்பவற்றில் நாம் முதலசையை எடுத்துச் சொல்கிறோம். மூன்றிலும் எடுத்தற்குரியது இரண்டாமசை. போட்டோகிராப் என்பதில் முதலசையும், போட்டோகிராபி என்பதில் இரண்டாமசையும் எடுக்கப்படும். ரெக்கார்டு என்பது பெயராயின் முதலசை எடுக்கப்படும்; வினையாயின் பின்னசை. எடுக்கப்படாத அசையின் உயிர் குறுகித் தேய்ந்தொலிக்கும். தலைவன் என்பதிலுள்ள ஐகாரம் தன் மாத்திரையிற் குறுகுதலை ஐகாரக்குறுக்கம் என்று கற்றோமன்றோ? அத்தகைய குறுக்கத்தை ஆங்கிலம் எல்லா உயிர்களுக்கும் விரித்துக்கொண்டது என எண்ணுக.

எழுத்தும் ஒலியும்

எழுதியவாறு படித்தல் தமிழர் பழக்கம். ஆங்கில நெடுங்கணக்கோ நம்மை ஏமாற்றும். காக்ஸ்டன் என்பார் 1476-இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவிய காலத்தை ஒட்டிய எழுத்துமுறை பெரும்பாலும் நிலைத்துவிட, ஒலி மட்டும் மாறிக்கொண்டே சென்றது. கடனைக் குறிக்கும் டெட் என்னும் சொல்லின் இடையே ஒலியாத ஓரெழுத்து நிற்பது, இலத்தீன் மூலத்தைக் காட்டவேண்டிப் பிற்காலப் புலவர் செருகியது. வேதாகமத்திலுள்ள சங்கீதத்தைக் குறிக்கும் சொல்லில் முதலெழுத்தும் ஒலியாது, இடையெழுத்தும் ஒலியாது. சாம் என்பதே அதன் ஒலிப்பு. குழாய் செப்பனிடுவோன் பிளம்மர், பற்றுச்சீட்டு ரிசீட். இஃதென்ன முறைகேடு என்று வியப்பார், நாமும் வந்துவிட்டான் என்று எழுதி வந்துட்டான் என்று பேசுவதை நினைவுகூர்வாராக.

சொற்றொடர்ப் பிழைகள்

இனிச் சொற்றொடரை நோக்குவோம். ஏகார இடைச்சொல்லுக்குப் பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை என ஆறு பொருள் கூறுவர். பிறவற்றினின்று பிரித்துக் காட்டுவது பிரிநிலை, உறுதிப்படுத்துவது தேற்றம். தான் என்பதும் பேச்சில் இவ்விரு பொருளும் தரும். ஆங்கில ஒன்லி பிரிநிலைக்கு உரியது. ‘நான் அருப்புக்கோட்டைதான்’ என்னும் தேற்றத்தை ‘ஐ ஆம் ஃப்ரம் அருப்புக்கோட்டை ஒன்லி’ எனப் பெயர்த்தால், வேறு எவ்வூரோடும் தொடர்பில்லை என்று பிரித்துரைப்பது போலாகும். தேற்றப் பொருளைக் குரலை எடுத்துச் சொல்லியே ஆங்கிலர் உணர்த்துவர்.

போடு என்னும் வினை தமிழிற் பல தொழில் செய்யும். விளக்கைப் போடு, சட்டை போடு, கையெழுத்துப் போடு என்கிறோம். அனைத்திற்கும் புட் என்பதையே வழங்கின் பொருந்தாது. விளக்குக்கு ஸ்விட்ச் ஆன்; உடைக்குப் புட் ஆன் அல்லது வேர்; கையெழுத்துக்கு ஸைன் என ஒவ்வொன்றற்கும் தனிவினை உண்டு.

படிக்கிறான் என்னும் தமிழ் நிகழ்காலம், இப்போது படித்துக்கொண்டிருத்தலையும் நாள்தோறும் படித்தலையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்தில் இவை வேறு வேறு வடிவின. மேலும் உடைமை, அறிவு, விருப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் வினைகள் இங் என்னும் ஈற்றைப் பெரும்பாலும் ஏலா. ஆகவே ‘ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்’ என்பது வழு. ‘ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்’ என்பதே வழாநிலை. இரண்டு மணி நேரமாக என்பதிலுள்ள ஆக என்பதைச் சின்ஸ் எனப் பெயர்ப்பதும் வழுவே. கால அளவுக்கு ஃபார். தொடங்கிய நேரத்துக்குச் சின்ஸ்.

‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்னும் தமிழ் மரபால் ‘டிஸ்கஸ் அபவுட்’ வருகின்றது, அபவுட் வேண்டா. ‘சூடான சூடான காப்பி’ என்னும் அடுக்கால் ‘ஹாட் ஹாட் காப்பி’ வருகின்றது; ஆங்கிலத்திற்கு ஒருமுறை போதும். தகவல்கள், அறிவுரைகள் என்பவற்றால் இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைஸஸ் வருகின்றன. பால், மணல் என்பவற்றை நாம் எண்ணிப் பன்மையாக்காதது போலவே, இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ் என்பவற்றை ஆங்கிலம் பன்மையாக்குவதில்லை.

தமிழையே பின்பற்றினால் திருந்தும் பிழைகளும் உள. ‘ஹி டிட் நாட் வென்ட்’ என்பார் பலர். போகவில்லை என்பதிற் போக என்னும் எச்சம் காலங் காட்டுவதின்று. போனவில்லை என்று எவரும் சொல்லார். அவ்வாறே டிட் என்பது காலங் காட்டிய பின் கோ என்பதே அமையும். உயிர்முன் ஓர், மெய்முன் ஒரு என்னும் நெறியை அறிந்தார்க்கு உயிரொலிமுன் அன், மெய்யொலிமுன் எ என்பது புதிதன்று. எழுத்தை நோக்காது ஒலியையே நோக்குக. அவர் என்னும் மணிப்பெயர் உயிரொலியில் தொடங்குதலின் அன் அவர். யுனிவர்சிட்டி யகர ஒலியில் தொடங்குதலின் எ யுனிவர்சிட்டி.

ஆம் என்பதும் இல்லை என்பதும்

இதுகாறும் கூறிய பிழைகளாற் பெரும்பாலும் பொருள் கெடாது. இனிக் கூறுவது பொருளையே மாற்றிவிடும். ‘வரவில்லையா?’ என்று வினவினால், வாராதவன் தமிழில் ‘ஆம், வரவில்லை’ என்பான். வினாவோடு தான் உடன்படுதலை அவ்வாம் காட்டும். சப்பானியரும் இம்முறையே விடையிறுப்பர். ஆங்கிலத்தில் யெஸ், நோ என்பன வினாவை நோக்கா. செயல் நிகழ்ந்ததா இல்லையா என்பதையே நோக்கும். ‘மாத்திரை உட்கொள்ளவில்லையா?’ என மருத்துவர் ஆங்கிலத்தில் வினவ, உட்கொள்ளாத நோயாளி யெஸ் என்று விடையிறுப்பின், உட்கொண்டார் என்று மருத்துவர் கருதக்கூடும். அதனால் விளையும் தீங்கைச் சொல்லவும் வேண்டுமோ? சாட்சிக் கூண்டிலும் இதே இடர் உண்டு. எதிர்மறை வினாவுக்கு யெஸ், நோ என்று மட்டும் கூறி நில்லாது, ‘ஐ டிட் நாட் டேக் இட்’ என வாக்கியம் முழுமையும் கூறுவது காவலாம்.

பிழையும் வழக்கும்

வேறுபட்டன எல்லாம் பிழையல்ல. மனைவியின் உடன்பிறந்தாள் கணவனாகிய சகலையைத் தனித்துக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு சொல் இல்லாமையின், நம்மவர் கோ பிரதர் என்று ஆக்கிக்கொண்டனர். முன்கூட்டி நடத்துதலைக் குறிக்க இந்தியர் வழங்கிய பிரிபோன் என்னும் சொல் ஆக்ஸ்போர்டு அகராதியிலும் இடம்பெற்றுள்ளது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் காட்டமரான், செரூட், மல்லிகடானி எனத் திரிந்து ஆங்கிலேயர் வாயில் வழங்குகின்றன. ஐரோப்பியர் தரங்கம்பாடியை டிராங்குபார் ஆக்கியதற்காக எவரும் நாணித் தலைகவிழ்ந்ததாய் யாம் அறியோம். வேற்றுமொழி பேசும் நா தடுமாறுதல் எந்நாட்டார்க்கும் இயல்பு.

வேற்றுமொழியைப் பயிற்சியால் வென்றவரும் உளர். மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாண்ட்லர் என்பார், 1913-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணிக்கு முதற் பதிப்பாசிரியராய் அமர்ந்தனர். வேற்றுமொழியினர் ஒருவர் தமிழை இவ்வளவு கற்கக்கூடுமாயின், நம் மாணவர்க்கு ஆங்கிலம் எட்டாக்கனியாமோ?

இங்கு மற்றொன்றும் கூறுதல் கடன். திருச்சுழி என்னும் பெயரிலேயே ழகரம் உளது. சுந்தரர் பாடல் பெற்ற அப்பழம்பதியின் பெயரைத் திருச்சுளி என்பாரும், பழத்தைப் பளம் என்பாரும் நம் தென்பகுதியிற் பலர். ஆங்கிலச் சொல்லிற் பிழை நேர்ந்தால் நகுவோர், தமிழிற் பிழை நேருங்கால் வாளாவிருத்தல் நடுவுநிலையாகாது. இரு மொழியிலும் ஒலியைப் பேணுதல் ஒரே ஒழுக்கத்தின் இரு கூறுகள்.

பயிலும் முறை

மாணவர் நாள்தோறும் கால்மணி நேரம் ஆங்கிலம் உரக்கப் படிப்பாராக. ஐயுற்ற சொல்லின் ஒலிப்பை அகராதியிற் காண்பாராக. இந்நாளிற் கைப்பேசி அகராதியே சொல்லை ஒலித்துக் காட்டுகின்றது. அவ்வொலியைக் கேட்டு, எடுத்த அசை யாதெனக் குறித்து, தாமும் சொல்லித் தம் குரலைப் பதிந்து ஒப்பிடுவாராக. ஒரு வாரத்திற்கு ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்வது நன்று. அனைத்தையும் ஒருங்கே களையப் புகின் ஒன்றும் நில்லாது. நண்பர் இருவர் ஒருவரையொருவர் தனிமையில் திருத்திக்கொள்வாராக. ஆசிரியர் பிழையைச் சுட்டும்போதே அதன் தமிழ் வேரையும் சுட்டுவாராக. அவ்வாறு சுட்டின் மாணவன் நாணமுறான். ‘என் மொழியின் விதி இங்கே வேலை செய்தது, இங்கு வேறு விதி வேண்டும்’ என்று தெளிவான்.

கண்மாயில் நீர் நிறைந்திருந்தும் மடை திறவாவிடின் வயல் காய்ந்தே கிடக்கும். நம் கரிசல் நாட்டு மாணவர் உள்ளத்தில் அறிவு நிறைந்திருக்கின்றது. மடை திறந்தால் முதலில் வரும் நீர் சற்றுக் கலங்கியே வரும். ஓட ஓடத் தெளியும். ஆதலின் வினா எழுந்தவுடன் தலைகுனியாது எழுந்து நின்று விடையிறுக்குமாறும், அங்ஙனம் விடையிறுப்பாரை நகாது செவிசாய்க்குமாறும் நம் கல்லூரி மாணவ மாணவியரை வேண்டிக்கொள்கிறோம்.